'இரவு ஒன்று' என்றால் எந்த இரவு?

மாத்திரைக் கவரின் மேல் மூன்று கட்டங்கள் இருக்கும்: காலை, மதியம், இரவு. மனநலப் பிரிவில் எழுதித் தரும் மாத்திரைகளில் பலவும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வந்து விழும். தூக்கம் வரும், அதனால் இரவு. எழுதுகிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் அதில் சந்தேகமே வராது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். வயது முப்பது. ஒலான்சபின் 10 மில்லிகிராம், இரவு ஒன்று. இந்த வாரம் அவருக்கு சி ஷிப்ட். இரவு பத்து மணிக்கு உள்ளே போனால் காலை ஆறுக்குத்தான் வெளியே வருவார். சொன்ன பேச்சைத் தட்டாதவர் என்பதால், ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையையும் போட்டுக்கொண்டு கம்பெனி வண்டி ஏறுகிறார். வாய்வழியாகக் கொடுக்கும் ஒலான்சபின் இரத்தத்தில் உச்சத்தைத் தொட ஐந்திலிருந்து எட்டு மணி நேரம் ஆகும். அப்படியானால் அதிகாலை இரண்டிலிருந்து ஐந்துக்குள். செக்கச்செவேலென்று பழுத்த கம்பி பாய்ந்து வரும் பாதைக்குப் பக்கத்தில் அவர் நிற்கிற நேரம் அது. கண் செருகுகிறது.

அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. மருத்துவரும் சரியான மருந்தைத்தான் எழுதினார். 'உங்களுக்கு எப்போது இரவு?' என்ற ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். நர்சிங் மாணவிகளின் மருந்தியல் நோட்டில் ஒலான்சபினுக்கு எதிரே 'தூக்கக் கலக்கம், எடை கூடுதல், இரத்தச் சர்க்கரை உயர்வு' என்று அழகாக எழுதியிருக்கும். அந்தக் கலக்கம் யார் உடம்பில், எந்த நேரத்தில், எந்த இயந்திரத்தின் முன்னால் வந்து இறங்கும் என்பது நோட்டில் இருக்காது. திருவள்ளூர் மாவட்டத்தில் நர்சிங் படிக்கிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய மனநல மருந்தியலில் பாதி அந்த எழுதாத இடத்தில்தான் இருக்கிறது.

பி.எஸ்சி. நர்சிங்கில் மூன்றாம் ஆண்டு வந்தால் மனநல போஸ்டிங். சென்னையும் சுற்று மாவட்டங்களும் என்றால் பலருக்கும் அது கீழ்ப்பாக்கம்தான். 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தொடங்கி, 1871-ல் இப்போதைய இடத்துக்கு வந்த பழைய மனநல மருத்துவமனை அது. அங்கே மாணவிகள் வார்டு பார்க்கிறார்கள், கேஸ் ஷீட் எழுதுகிறார்கள், நோயாளியோடு பேசியதை வரிக்கு வரி ப்ராசஸ் ரெக்கார்டிங்காக எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் வார்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் மாத்திரை, ஒரே நேரத்தில் விளக்கணைப்பு. தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும். அங்கே பார்க்கிற பக்கவிளைவு, வெயிலும் ஷிப்டும் ஓவர்டைமும் கழித்த பக்கவிளைவு. டிஸ்சார்ஜ் ஆகி கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்துத் திரும்பிப் போகிறவருக்கு அந்தக் கழித்த பகுதி திரும்பவும் வந்து சேர்ந்துகொள்ளும்.

லோக்கல் என்று சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது என்றாலும், ரயிலில் மாவட்டத் தலைநகருக்குப் போகச் சென்னைக்கு வந்து வேறு பாதையில் மாற வேண்டும். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி அரக்கோணம் பாதையில். கும்மிடிப்பூண்டியோ ஆந்திர எல்லையை ஒட்டிய வடக்குப் பாதையின் கோடியில். ஒரு நாள் கூலியை விட்டுத்தான் மருந்து வாங்க வர முடியும் என்கிறபோது, 'வாய் கொஞ்சம் வறளுது' என்று சொல்ல யாரும் ரயில் ஏற மாட்டார்கள். மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

அதனால் கேட்கிற காது முக்கியம். மனநல மருந்தின் பக்கவிளைவு பாடப்புத்தகப் பெயரோடு வந்து நிற்காது. 'அகதீசியா' என்று எந்த நோயாளியும் சொன்னதில்லை. அவர் சொல்வது, "ஒரே எடத்துல குந்த முடியல சிஸ்டர்." காலை மாற்றி மாற்றி வைப்பார். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு நிமிடத்தில் எழுந்து, வராண்டா முனை வரை போய்த் திரும்புவார். படுத்தால் கால் பாயைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கேட்டால் "உள்ளுக்குள்ள ஏதோ பிசையுது" என்பார். செக் நாட்டு நரம்பியலாளர் ஹாஷ்கொவெட்ஸ் 1901-ல் வைத்த பெயருக்குக் கிரேக்கத்தில் 'உட்கார முடியாமை' என்றே அர்த்தம். ஆக நம் நோயாளி சொன்னதும் அதேதான், கிரேக்கம் தெரியாமல்.

ஆபத்து எங்கே என்றால், இந்தத் தவிப்பைப் பார்க்கிறவர்கள் நோய் முற்றுகிறது என்று எடுத்துக்கொள்வதில். 'பேஷன்ட் அமைதியின்றி உலாவுகிறார்' என்று குறிப்பில் ஏறும், மருந்தின் அளவைக் கூட்டுவார்கள், தவிப்பும் கூடும். அந்த வட்டத்தை உடைக்க ஒரு மாணவியால் முடியும். "அண்ணா, நடக்கணும்னு மனசு சொல்லுதா, இல்ல கால் சொல்லுதா?" என்று கேட்டுப் பார்க்கலாம். மருந்து தொடங்கி எத்தனை நாள், எப்போது அளவு கூடியது என்று கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்து இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னால், அந்த ஒரு வாக்கியம் ஒரு ஊசியைத் தடுக்கும்.

தசை இறுக்கம் இன்னொரு வகை. ஹாலோபெரிடால் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிய இளைஞருக்கு மறுநாள் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், கண்கள் மேலே ஏறிச் சொருகும், நாக்கு தடித்து வெளியே தள்ளும். முதல் சில நாட்களுக்குள்ளேயே வந்துவிடும். இளம் வயது ஆண்களுக்கு அதிகம். வீட்டில் அதைப் பார்க்கிறவர்களுக்கு மருந்து நினைவுக்கே வராது, பேய் பிடித்ததென்றுதான் தோன்றும். ப்ரோமெதசின் ஊசி ஒன்று, அதாவது வார்டில் எல்லோரும் ஃபெனர்கான் என்று சொல்வது, போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேராகிவிடும். கண்ணெதிரே முறுக்கு அவிழ்வதை ஒரு முறை பார்த்த மாணவி அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

இந்த ஊசிக் கதையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமையான பங்கு உண்டு. கட்டுக்கடங்காமல் கிளர்ந்து வரும் நோயாளியை எந்த ஊசியால் பத்திரமாக அமைதிப்படுத்தலாம் என்ற கேள்விக்கு வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நடந்த ஆய்வு 2004-ல் வெளியானது. 200 பேரில் பாதிப் பேருக்கு லோராசிபாம், மற்றவர்களுக்கு ஹாலோபெரிடாலும் ப்ரோமெதசினும் சேர்த்து. இரண்டுமே அமைதிப்படுத்தின, ஆனால் சேர்த்துக் கொடுத்ததில் ஆட்கள் சீக்கிரம் அடங்கித் தூங்கினார்கள். 2007-ல் வெளியான அடுத்த ஆய்வில், அதே இடத்தில் 300 பேரைக் கொண்டு அந்தக் கூட்டு ஊசியை ஒலான்சபின் ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஆரம்பத்தில் இரண்டும் சமம், ஆனால் ஒலான்சபின் பெற்றவர்களில் அதிகம் பேருக்கு நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் மருந்து தேவைப்பட்டது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், பிரேசிலின் ரியோ நகரத்தில் ஹாலோபெரிடாலைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தபோது பலருக்குத் தசை முறுக்கு வந்து, ஆய்வை அதோடு நிறுத்த வேண்டியதாயிற்று. இன்றைக்கு நம் அவசரப் பிரிவில் ஹாலோபெரிடாலோடு ஃபெனர்கானையும் சேர்த்து ஊசியில் ஏற்றும்போது, அது 'பழக்கம், அதனால் போடுகிறோம்' என்கிற விஷயமல்ல. இரண்டாவது மருந்து முதல் மருந்தின் பக்கவிளைவுக்குக் காவல். மாணவிகளுக்குச் செய்முறை காட்டும்போது இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆனால் ஆடுவதெல்லாம் மருந்தால் அல்ல. சென்னையின் மனச்சிதைவு ஆய்வு அமைப்பான ஸ்கார்ஃபைச் சேர்ந்தவர்களும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் மெக்ரீடியும் சேர்ந்து 1996-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. முதியவர்கள் 308 பேரின் உடலசைவுகளைப் பார்த்தார்கள். மனச்சிதைவுக்கு மருந்து சாப்பிட்டு வந்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு வாய், நாக்கு, கை தானாக அசையும் கோளாறு இருந்தது. வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடத் தொடாத நோயாளிகளில்? 38 சதவீதம். அந்தப் பிரிவில் இருந்தவர்கள் 21 பேர்தான் என்பதால் எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டாம். ஆனாலும் மருந்தே காணாத நோயாளிகள் இருந்த இடம் என்பதால்தான் இதை இங்கே பார்க்க முடிந்தது. வேறு பல நாடுகளில் அப்படிப்பட்ட ஆட்களைத் தேடுவதே கடினம். வார்டுக்கு இதிலிருந்து கிடைப்பது ஒரு வேலை: முதல் மாத்திரை கொடுப்பதற்கு முன்னாலேயே கையை நீட்டச் சொல்லி, நாக்கை வெளியே காட்டச் சொல்லி, நடக்கச் சொல்லிப் பார்த்து எழுதி வைப்பது. அந்த முதல் நாள் குறிப்பு இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து வருகிற நடுக்கம் யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி வெயில்.

கத்திரி வெயிலில் உலைக்கு முன்னால் நிற்கிற உடம்புக்கு வியர்வைதான் ஒரே குளிர்சாதனம். கை நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் கொடுக்கிற டிரைஹெக்சிபெனிடில், வார்டு வழக்கில் டி.எச்.பி., அந்த வியர்வையைத்தான் குறைக்கிறது. வாயை வறளச் செய்கிற அதே வேலையைத் தோலிலும் செய்கிறது. மனச்சிதைவு மருந்துகளோ மூளை உடற்சூட்டைக் கட்டுப்படுத்தும் இடத்திலேயே கை வைக்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் ஒருவர் ஏப்ரல், மே மாதங்களில் காய்ச்சலோடு வந்தால் நர்ஸ் மனதில் இரண்டு பெயர்கள் எழ வேண்டும். வெப்பத்தாக்கு ஒன்று. மருந்தால் வரும் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம் இன்னொன்று. இரண்டிலும் கடும் சூடு, குழப்பம், வேகமான நாடி. கையை மடக்கிப் பாருங்கள்: ஈயக் குழாயை வளைப்பது போல விடாமல் இறுகியிருந்து, மேல் முழுக்க வியர்த்து, இரத்த அழுத்தம் ஏறி இறங்கினால் இரண்டாவதைச் சந்தேகிக்க வேண்டும். தோல் வறண்டு கொதித்து, கை தளர்ந்திருந்தால் முதலாவது. எதுவென்று முடிவுசெய்வது மருத்துவர் வேலை. அதற்காகக் காத்திருக்காமல் உடம்பைக் குளிர்விக்கத் தொடங்குவதும், அடுத்த வேளை மாத்திரையை நிறுத்தி வைத்துவிட்டு உடனே சொல்லி அனுப்புவதும் நர்ஸ் வேலை.

லித்தியத்தின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. அது ஓர் உப்பு. சிறுநீரகத்துக்கு லித்தியமும் சோடியமும் ஏறக்குறைய ஒரே முகம்தான். வியர்வையில் உப்பும் தண்ணீரும் போய்விட்டால், இருக்கிற சோடியத்தையாவது காப்பாற்றுவோம் என்று சிறுநீரகம் இழுத்துப் பிடிக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ளும். மாத்திரை எண்ணிக்கை மாறவே இல்லை, இரத்தத்தில் அளவு மட்டும் ஏறும். தொடர் சிகிச்சையில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லி ஈக்விவலன்ட் வரை இருந்தால் மருந்து, 1.5 தாண்டினால் நஞ்சு. மருந்துக்கும் நஞ்சுக்கும் நடுவே இவ்வளவு குறுகலான வரப்பு வேறு எந்த மனநல மருந்திலும் பார்ப்பது அரிது.

இதன் முதல் வரலாறே ஒரு தொழிலாளியின் வரலாறு. ஆஸ்திரேலியாவின் பண்டூராவில் ஜான் கேட் என்ற மருத்துவர் 1948-ல் முதன்முதலாக லித்தியம் கொடுத்தவர் பல ஆண்டுகளாக வெறிநிலையில் கிடந்த, ஐம்பதைத் தாண்டிய ஆண். சில வாரங்களில் தெளிந்தார். வீட்டுக்குப் போனார், தன் பழைய வேலையிலேயே சேர்ந்தார். பிறகு மாத்திரையை விட்டார், நோய் திரும்பியது, மறுபடி தொடங்கினார்கள். 1950-ல் அவர் இறந்தார். லித்திய நச்சு காரணம். இரத்தத்தில் அளவு பார்க்கும் வழக்கமே அப்போது இல்லை. கேட் தன் கண்டுபிடிப்பை வெளியிட்ட 1949-ஆம் ஆண்டுக் கட்டுரை உலகத்தையே மாற்றியது. அந்த முதல் மனிதர் அதன் விலையையும் சேர்த்துக் காட்டிவிட்டுப் போனார்.

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்புவோம். உருக்காலையில் எட்டு மணி நேரம் நின்றவருக்கு இடுப்பு விட்டுப்போகிறது. மெடிக்கல் கடையில் 'உடம்பு வலிக்கு ஒரு செட்' என்று கேட்டு வாங்கிப் போடுகிறார். அந்தச் செட்டில் டைக்ளோஃபெனாக் இருக்கும், அல்லது அதன் தம்பி ஒன்று இருக்கும். அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்தில் லித்தியத்தைத் தேக்கும். இரத்த அழுத்த மாத்திரைகளிலும் எனலாப்ரில் போன்றவை தேக்கும். 'பிபி இருக்கு, உப்பைக் குறைங்க' என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் திடீரென்று உப்பில்லாமல் சாப்பிட ஆரம்பித்தாலும் தேங்கும். இரண்டு நாள் பேதி போனால் தேங்கும். நான்கும் ஒரே மே மாதத்தில் ஒரே ஆளுக்கு வர முடியாதா என்ன?

வந்தால் எப்படி இருப்பார்? கை மெல்ல நடுங்குவது லித்தியத்தில் சகஜம். அது இப்போது தேநீர்க் குவளையிலிருந்து சிந்துகிற நடுக்கமாகும். வாந்தி, பேதி. நடை தள்ளாடும். நாக்கு குழறும். கேட்ட கேள்விக்கு வேறெதையோ சொல்வார். இதையெல்லாம் பார்த்த சூப்பர்வைசர் என்ன நினைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. 'குடிச்சிட்டு வந்திருக்கான், வெளிய அனுப்பு.' அறையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தூங்கினால் தெளிந்துவிடும் என்று நம்புகிற அந்த இரவில்தான் உயிர் போகும். மனநல மாத்திரை சாப்பிடுகிறவர் தள்ளாடினால், வாயை மோந்து பார்ப்பதற்கு முன் மாத்திரை அட்டையைப் பார்க்க வேண்டும் என்பதை இந்தப் பகுதியில் வேலை பார்க்கப் போகிற ஒவ்வொரு நர்ஸும், முடிந்தால் ஆலைகளின் முதலுதவி அறைகளில் இருக்கிறவர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஷிப்ட் இங்கேயும் குறுக்கே வருகிறது. லித்திய அளவு பார்க்க இரத்தம் எடுப்பது கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. இரவு ஒன்பதுக்குப் போட்டவருக்குக் காலை ஒன்பது சரி. இரவு வேலை முடித்துக் காலை ஏழுக்கு மாத்திரை போட்டுவிட்டு, அப்படியே ரயிலேறி பத்து மணிக்கு லேப் வரிசையில் நிற்பவருக்கு வருகிற எண் உண்மையைவிட அதிகமாகத்தான் இருக்கும். அந்த எண்ணை நம்பி மருந்தைக் குறைத்தால் நோய் திரும்பும். சிரிஞ்சை எடுக்கும் முன், "கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீங்க அண்ணா?" என்று கேட்க ஐந்து விநாடி போதும்.

மனநல மருந்துகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இருக்கிற உறவு பழையது. 1952-ல் பாரிஸில் மனச்சிதைவு நோயாளிகளை முதன்முதலாக அமைதிப்படுத்திய குளோர்ப்ரோமசின் வந்த குடும்பம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் சாய ஆலைகளில் பிறந்தது. மது நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் ரப்பரைப் பதப்படுத்தப் பயன்பட்ட பொருள். ரப்பர் ஆலைத் தொழிலாளர்கள் கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து தவித்துப்போகிறார்கள் என்று 1937-லேயே அமெரிக்க ஆலை மருத்துவர் ஒருவர் எழுதி வைத்தார். பத்தாண்டு கழித்து டென்மார்க்கில் அது மருந்தானது. இன்று டாஸ்மாக் கடைக்கும் ஆலை வாசலுக்கும் நடுவே தத்தளிக்கிற குடும்பங்களில் அந்த மாத்திரை ஒரு நம்பிக்கை. ஆனால் கணவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கச் சொல்லும் யோசனையும் ஊரில் உலவுகிறது. அது கொலைக்குச் சமமான ஆபத்து. மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் குடிக்கிறவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து இதயம் தடுமாறலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு வரக்கூடும். மனைவி தயங்கித் தயங்கி இதைக் கேட்கும்போது திட்டாமல், அவர் படுகிற பாட்டை முதலில் கேட்டுவிட்டு, ஏன் கூடாது என்று விளக்கிச் சொல்கிற பொறுமை மாணவிகளுக்கு வேண்டும்.

வாய்விட்டுச் சொல்லாத பக்கவிளைவுகள் தனி ரகம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை பார்த்துக்கொண்டு, பூந்தமல்லி போன்ற இடங்களில் விடுதியில் தங்கியிருக்கும் இளம்பெண்களை நினைத்துப் பாருங்கள். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மருந்துகள் ப்ரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றே போகும். சிலருக்கு மார்பில் பால் கசியும். கல்யாணமாகாத, எட்டுப் பேர் ஒரே அறையில் தூங்குகிற விடுதியில் இருக்கிற பெண்ணுக்கு இது எப்படிப்பட்ட பீதி! யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் கழிப்பறையில் போட்டுவிடுவாள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று நர்ஸ் தானாகக் கேட்டு, "வராட்டி பயப்படாதம்மா, சில மாத்திரையில இப்பிடி ஆகும், டாக்டர் மாத்தித் தருவாங்க" என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தால் அவள் திரும்பி வந்து கேட்பாள். கர்ப்பமில்லை என்று சோதித்துத் தெரிந்துகொள்வதும் அதே பேச்சில் கண்ணியமாக நடந்துவிடும். குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் எழுதியிருந்தால் இந்தப் பேச்சைத் தள்ளிப்போடவே கூடாது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் தண்டுவடத்தை அது பாதிக்கக்கூடும்.

ஆண்களிடம் தாம்பத்தியம் பற்றிக் கேட்க இருபது வயது மாணவிக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். பல மனச்சோர்வு மாத்திரைகளை ஆண்கள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவதற்கு அதில் வரும் சிரமம் ஒரு முக்கியக் காரணம். கேள்வியை அவர்மேல் இருந்து தள்ளி வைத்துக் கேட்டால் இருவருக்கும் எளிது: "இந்த மாத்திரை சாப்பிடுற சில பேருக்கு அந்த விஷயத்துல சிரமம் வரும்ங்க. உங்களுக்கும் இருந்தா டாக்டர்கிட்டயோ பிரதர்கிட்டயோ தாராளமா சொல்லலாம்." அதே மாத்திரைகளில் இன்னொரு முரண்பாட்டையும் சொல்லி அனுப்ப வேண்டும். குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு அந்த ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டார் கண் வைத்திருக்க வேண்டும். நள்ளிரவானாலும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்குப் பேசலாம் என்பதைக் கவரின் பின்புறம் எழுதிக் கொடுக்கலாம்.

கும்மிடிப்பூண்டியில் மொழி இன்னொரு சுவர். பீகார், ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளர்கள் தகரக் கொட்டகைகளிலும் வாடகை அறைகளிலும் நிறைந்திருக்கும் ஊர். அவர்கள் பேசும் இந்தியில் 'சக்கர்' என்றால் தலைசுற்றல். படுக்கையிலிருந்து எழும்போது சக்கர் என்றால் இரத்த அழுத்தம் விழுகிறது என்று பொருள். உயரத்தில் ஏறி வேலை செய்பவரா என்று உடனே கேட்க வேண்டும். 'கப்ராஹட்' என்பார்கள், மனப் பதற்றமும் இருக்கலாம், உட்கார முடியாத அந்தத் தவிப்பும் இருக்கலாம். 'கப்ஜ்' என்றால் மலச்சிக்கல். குளோசபின் சாப்பிடுகிறவர் சொன்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாத சொல் அது. குடல் அசைவே நின்று உயிரைப் பறித்திருக்கிறது. குளோசபின் என்றதும் மாணவிகள் வெள்ளையணுக்களை மட்டும் நினைப்பார்கள். 1975-ல் பின்லாந்தில் வெள்ளையணு வீழ்ந்து எட்டுப் பேர் இறந்த பிறகு வந்த பயம் நியாயமானதுதான். தொண்டை வலியும் காய்ச்சலும் என்றால் உடனே இரத்தம் பார்க்கத்தான் வேண்டும். மலம் ஒழுங்காகப் போகிறதா என்ற கேள்வி அதற்குக் குறைந்ததல்ல. இதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. அங்கிருந்து வருகிற அம்மா "ஏலாமல் கிடக்குது பிள்ளை" என்றால், அது சோம்பலா, சோர்வா, மருந்து கூடிப்போனதா என்று நின்று கேட்டால்தான் விளங்கும்.

இதெல்லாம் நர்ஸின் நல்ல மனதைப் பொறுத்த விஷயம் என்று விட்டுவிட முடியாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 22-ஆம் பிரிவில், சிகிச்சையைப் பற்றியும் அதன் தெரிந்த பக்கவிளைவுகளைப் பற்றியும் அறிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. அதுவும் அவருக்குப் புரிகிற மொழியில், புரிகிற வடிவில். ஒடிசாக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போனார் என்பது புரிந்ததற்குச் சாட்சி ஆகாது.

மாணவிகள் தயாரிக்கும் டிரக் கார்டில் மருந்தின் பெயர், வகை, அளவு, பக்கவிளைவு, நர்ஸின் பொறுப்பு என்று கட்டங்கள் இருக்கும். அதில் இன்னும் ஒன்றைச் சேர்க்கலாம்: என்ன வேலை, எந்த ஷிப்ட். ஆசிரியர்கள் கேட்காவிட்டாலும் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அந்தக் கம்பி ஆலைக்காரர் அடுத்த மாதம் மருந்து வாங்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். போஸ்டிங்கில் இருக்கும் மாணவி சீட்டைப் பார்க்கிறாள். "எந்த ஷிப்ட் அண்ணா?" "வாரம் ஒண்ணு மாறும் சிஸ்டர். இப்போ சி." அவள் சீட்டோடு மருத்துவர் அறைக்குப் போய்த் திரும்புகிறாள். கவரில் 'இரவு' என்ற கட்டத்தை அடித்துவிட்டு, 'வேலை முடிந்து, தூங்கப் போகும் முன்' என்று எழுதுகிறாள். அவர் அதை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே கேட்கிறார்: "ஷிப்ட் மாறுற ஞாயித்துக்கெழமையில ரெண்டு ஷிப்டு சேத்துப் பாக்கச் சொல்லுவாங்க. அன்னிக்கி தூக்கமே கெடையாது. அன்னிக்கி எப்போ போடுறது?"

அவள் கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, இரண்டாவது முறையாக மருத்துவர் அறைப் பக்கம் நடக்கிறாள்.